காதுக்குப் பின்னால் ஒரு காந்தம், எதிரே எம்.ஆர்.ஐ.

காக்ளியர் இம்பிளான்ட் (செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி) பொருத்தியவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டால், 'கூடவே கூடாது' என்ற பதில் இன்னமும் வருகிறது. எல்லாக் கருவிக்கும் அது பொருந்தாது. உள்ளே இருக்கும் காந்தத்தின் துருவங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

கருவியின் உள்பகுதி காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் இருக்கிறது. அதன் நடுவே சிலிகோன் உறைக்குள் சிறிய காந்த வட்டு. ஒலிச் சமிக்ஞையை உள்ளே அனுப்ப வெளியே மாட்டும் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, தலையோடு ஒட்டி நிறுத்துவது மட்டுமே அந்தக் காந்தத்தின் வேலை.

ஸ்கேன் அறையில் காந்தம் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுமோ என்பதுதான் பொதுவான பயம். ஆனால் இழுவிசை, காந்தப்புலம் சட்டென்று மாறும் ஸ்கேனர் குழாயின் வாயருகேதான் அதிகம். குழாயின் நடுவில் புலம் சீரானது. அங்கே இழுப்பு அநேகமாக இல்லை. திருப்புவிசையோ அங்கேதான் உச்சம். பழைய வட்டுகளில் ஒரு முகம் வடதுருவம், மறுமுகம் தென்துருவம். ஆகவே காந்த அச்சு மண்டையிலிருந்து பக்கவாட்டில் நீட்டி நிற்கும். படுத்திருப்பவரின் உடல் நீளவாக்கில் ஓடும் புலத்துக்கு அது ஏறக்குறைய 90°. 10 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள நியோடிமியம் வட்டு என்று வைத்துக் கணக்கிட்டால், 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) திருப்புவிசை சுமார் 0.2 நியூட்டன் மீட்டர் வரும். வட்டின் ஒரு விளிம்பை இரண்டு கிலோ எடை அழுத்த, எதிர் விளிம்பை அதே பலம் தூக்குவது போல. 3 டெஸ்லாவில் இது இரட்டிப்பு. வலி, உறையைவிட்டு வட்டு எழுந்து நிற்பது, சில சமயம் தலைகீழாகப் புரள்வது எல்லாம் இதனால்தான். அதைத் தடுக்கவே சில மாடல்களுக்குக் காந்தத்தின் மேல் கெட்டியான தகடு வைத்து இறுக்கிக் கட்டுப் போடுகிறார்கள்; இல்லையென்றால் சிறு கீறலிட்டுக் காந்தத்தையே எடுத்துவிடுகிறார்கள்.

புதிய கருவிகளின் தீர்வு அத்தனை அழகு. துருவங்களை முகங்களிலிருந்து எடுத்து, விட்டத்தின் இரு முனைகளுக்கு மாற்றிவிட்டார்கள். வட்டைக் கூட்டுக்குள் சுழலவும் விட்டார்கள். வட்டின் தளம் உடலின் நீளவாக்கிலேயே இருப்பதால், திசைகாட்டி முள்ளைப் போல அது தானே புலத்தோடு இணைந்துகொள்கிறது. இணைந்தபின் திருப்புவிசை ஏது? வெளிக் காயிலின் காந்தமும் இதே அமைப்பில் இருப்பதால், துருவத்துக்கு எதிர்த்துருவம் பொருந்தி ஒட்டிக்கொள்கிறது. இப்படிப்பட்ட மாடல்கள் பலவற்றில் கட்டு இல்லாமலே 3 டெஸ்லா வரை அனுமதி உண்டு. தலையை மட்டும் பக்கவாட்டில் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் அந்தக் கோணத்துக்கேற்பத் திருப்புவிசை திரும்பி வரும்.

படம் கெடுவதற்கு இதில் விடிவில்லை. எம்.ஆர்.ஐ. படம் உருவாவது உடலிலுள்ள ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையிலிருந்து; 1.5 டெஸ்லாவில் அது சுமார் 63.9 மெகாஹெர்ட்ஸில் பேசும். காந்தத்தின் அருகே அந்த அலைவெண் தடம் புரள்வதால், அந்தப் பக்கம் சில செ.மீ. அளவுக்குக் கருந்திட்டு விழும். கிரேடியன்ட் எக்கோ என்ற படமெடுக்கும் முறையில் திட்டு பெரிதாகும். பேண்ட்விட்த்தை (சமிக்ஞையைப் பதியும் அலைவெண் அகலத்தை) கூட்டிய ஸ்பின் எக்கோ என்ற இன்னொரு முறையில் சுருங்கும். படத்தில் கொழுப்பின் சமிக்ஞையை மறைக்க ஸ்டிர் (STIR) என்ற முறைதான் கைகொடுக்கும். பார்க்க வேண்டியது அதே பக்கச் செவிநரம்பு என்றால், காந்தத்தை எடுத்துவிட்டு ஸ்கேன் செய்வதே பல நேரம் சரி.

முழங்கால் ஸ்கேன்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அப்போது தலை இருப்பது புலம் வேகமாக மாறும் அந்தக் குழாய் வாயருகேதான்.

கருவியின் மாடல் எண்ணைக்கூடக் கேட்காமல் நோயாளியைத் திருப்பி அனுப்புவதை ஏற்க முடியாது; கண்டுபிடிக்க வேண்டிய நோய் அதனால் தள்ளிப்போகிறது. இரண்டு காதிலும் இருந்தால் இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். மாடல் எண் உள்ள கருவி அடையாள அட்டை தொலைந்திருந்தால், மண்டையின் எக்ஸ்ரேயில் தெரியும் கருவியின் வடிவத்தை வைத்தே பெரும்பாலும் மாடலை அடையாளம் காணலாம். வெளிக்கருவி எந்த மாடலானாலும் அறைக்கு வெளியேதான்.