சைனஸ்: நோயின் பெயரா, இடத்தின் பெயரா?

மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இது காதில் விழும்: "எனக்கு சைனஸ் இருக்குங்க, மூக்குல விடுற சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க." சைனஸ் எல்லோருக்கும்தான் இருக்கிறது. நெற்றி, கன்னம், கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என நான்கு இணையாக இருக்கும் காற்றறைகளின் பெயர் அது. அங்கே அழற்சி வந்தால்தான் நோய். அதற்குப் பெயர் சைனசைட்டிஸ்.

சைனஸ் லத்தீன் சொல். வளைவு, குடா, உடையின் மடிப்பு என்றெல்லாம் பொருள். கணக்கில் வரும் 'சைன்' கூட இதே சொல்தான். சமஸ்கிருத 'ஜீவா' அரபிக்குப் போய், 'மடிப்பு' என்று பொருள்படும் 'ஜைப்' ஆக வாசிக்கப்பட்டு, லத்தீனில் சைனஸ் ஆகிவிட்டது. 'ஐடிஸ்' கிரேக்க விகுதி; அழற்சியைக் குறிக்கும்.

சரி, தமிழில்? சித்த மருத்துவத்தில் பீனிசம் என்பார்கள். அது வடமொழி வழி வந்தது. வீட்டில் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்லி, நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். அழகான சொல்தான், ஆனால் உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல. வீங்கிய சவ்வும் சளியும். என் தேர்வு 'புரை'. உட்துளை என்பது அதன் பொருள். புரையோடிய புண்ணில் உள்ள துளையையும் அறுவை மருத்துவர்கள் சைனஸ் என்றே அழைக்கிறார்கள். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஆகவே, 'க்ரானிக் சைனசைட்டிஸ்' என்று மருத்துவர்கள் சொல்வது தமிழில் நாட்பட்ட மூக்குப்புரை அழற்சி.

'நாட்பட்ட' என்றால் 12 வாரங்களுக்குக் குறையாமல். மூக்கடைப்பு, சளி ஒழுகல், முகத்தில் அழுத்தம், வாசனை குறைதல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தும் மணம் தெரியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறிகுறி மட்டும் போதாது. எண்டோஸ்கோப்பியிலோ சிடி ஸ்கேனிலோ அழற்சி தெரிய வேண்டும். தலைவலி மட்டும் இருந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம்.

சிகிச்சை பொறுமையைக் கேட்கும். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் செய்து மூக்கைக் கழுவுவது, ஸ்டீராய்டு ஸ்பிரேயை மாதக்கணக்கில் விடாமல் அடிப்பது. அதிலும் தீராவிட்டால் எண்டோஸ்கோப் வழி அறுவை, அப்புறமும் கழுவுதலும் ஸ்பிரேயும் தொடரும். கடையில் கேட்டு வாங்கும் அந்த அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு வகை. சில நாட்களுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும்.