ஆவண நாடகம்: ஒரு சொல் விளக்கம்

டாக்குமென்டரி தியேட்டருக்குத் தமிழில் ஆவண நாடகம். ஆவணப்படம் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டதால் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கதை கட்டுவது கிடையாது. நீதிமன்றப் பதிவு, நேர்காணல் ஒலிநாடா, கடிதம், அரசாங்கக் கோப்பு ஆகியவற்றில் இருக்கும் வார்த்தைகளையே எடுத்துக் கோத்து மேடையில் பேசுவது. பேசினவர் திக்கினது, பாதியில் நிறுத்தினது உட்பட எதையும் மாற்றாமல் நடிகர் சொன்னால் அதற்கு வெர்பேட்டிம் என்று தனிப்பெயர், அதை வாக்குமூல நாடகம் எனலாம். குயர் மக்கள் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) வேறு நாட்டில் புகலிடம் கேட்கும் கதையை இப்படி மேடையேற்றும்போது தேவைப்படும் சொற்களைத்தான் இங்கே பார்க்கிறோம்.

டாக்குமென்ட் லத்தீன் வழி வந்தது. கற்பித்தல் என்ற வினையிலிருந்து பிறந்ததால் முதலில் பாடம், எச்சரிக்கை என்றெல்லாம் பொருள். சான்றுத்தாள் என்ற பொருள் பின்னால் வந்தது. மேடையில் இந்த முறையைத் தொடங்கியவராக 1925இல் பெர்லினில் நாடகம் போட்ட ஜெர்மன் இயக்குநர் எர்வின் பிஸ்கேட்டரைச் சொல்வார்கள்.

நம் ஆவணத்துக்கு வருவோம். சங்கப் பாட்டில் அது கடைவீதியையும் குறிக்கும். எழுதிய பத்திரம் என்ற பொருளில் நமக்கெல்லாம் தெரிந்த இடம் பெரியபுராணம். சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, நீ எனக்கு வழிவழி அடிமை, இதோ ஓலை என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் கேட்பது மூன்றில் ஒன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது நெடுநாள் வழக்கம், எழுத்து, பிறர் சாட்சி. கிழவர் சளைக்கவில்லை, கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று நீட்டுகிறார், பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பாகிறது.

இந்த மூன்றையும் அப்படியே புகலிடம் கேட்டு வந்த ஒரு குயர் ஆளிடம் கேட்டுப் பாருங்கள். சொந்த ஊரில் வாழ்நாள் முழுக்க ஒளித்து வாழ்ந்தவர், ஆகவே ஊரறிந்த வழக்கம் இல்லை. கடிதம், படம் எதுவும் வைத்துக்கொள்ளாததால்தான் உயிரோடு எல்லை தாண்டினார், ஆகவே ஆவணம் இல்லை. சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரில் இருக்கும் காதலர், அவர் வாயைத் திறந்தால் அவர் கதி என்ன? உதாரணத்துக்கு, உகாண்டாவின் 2023ஆம் ஆண்டு ஓரினச்சேர்க்கை எதிர்ப்புச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு மரண தண்டனை வரை இருக்கிறது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் இன்னொரு படி மேலே போய், 1951 ஜெனீவா உடன்படிக்கையில் வெறுமனே ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்றிருப்பதை விரித்து, பாலினம், பாலீர்ப்பு, உடற்குறை, வர்க்கம், சாதி என்று எழுதி வைத்திருக்கிறது. (ஆமாம், சாதியும்தான். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.) ஆனால் சட்டம் ஒரு பக்கம், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரி ஒரு பக்கம். ஐரோப்பாவிலும் இதே கதைதான்: படுக்கையறை விவரங்களைக் கேட்பதும், அந்தரங்கக் காணொளியைச் சான்றாக ஏற்பதும் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் 2018இல், பாலீர்ப்பைக் கண்டுபிடிக்க மைக்கறைப் படத்தைக் காட்டும் உளவியல் சோதனையெல்லாம் வேண்டாம் என்று இன்னொரு தீர்ப்பு.

ஆக, விண்ணப்பதாரர் முதல் மேடை ஏறுவது அந்த நேர்காணல் அறையில். அவர் நடுங்கிச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சுருக்கி, அதிகாரி இன்னும் சுருக்கி எழுதியது கோப்பாகிறது. ஆவண நாடகம் அந்தக் கோப்பைத்தான் திரும்பப் பிரித்து, எங்கே சுருங்கியது என்று கேட்கிறது. இந்த நாட்டுப் பார்வையாளருக்கு இது புதிதல்ல. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை அறியும் ஆணையத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் சாட்சியின் சொல்லை ‘நான்’ என்றே பேசினார்கள். 1997இல் வந்த ‘உபு அண்ட் த ட்ரூத் கமிஷன்’ நாடகத்தில் மொழிபெயர்ப்பாளரின் கண்ணாடிக் கூண்டும் கொலைகாரன் குளிக்கும் கூண்டும் ஒன்றே. சாட்சிகளாக வந்தவை பொம்மைகள்.

சரி, மற்ற சொற்கள். அசைலம் கிரேக்கம்: பறித்துக்கொண்டு போக முடியாத இடம். ஈழத்தவர் பேச்சில் ‘அசைலம் அடிக்கிறது’ என்பார்கள். எழுத்தில் தஞ்சம், அடைக்கலம், புகலிடம் மூன்றும் ஓடுகின்றன. தொல்காப்பியத்தில் தஞ்சம் என்றால் எளிமை. இன்றைக்கும் அந்தச் சொல்லில் ஒரு கூனிக் குறுகல் இருக்கிறது, எனக்குப் பிடிக்காது. அடைக்கலம் அழகான சொல். சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அப்படித்தான் ஒப்படைக்கிறார், ஒரு துண்டு ஓலைகூட இல்லாமல். ஆனால் அது ஒருவர் மனமிரங்கித் தருவது. சட்டப்படி கேட்டு வாங்குவதற்குப் புகலிடம்தான் சரி. கேட்பவர் புகலிடக் கோரிக்கையாளர், கிடைத்த பிறகே அகதி.

குயர் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் வசவு, பிறகு அவர்களே எடுத்துச் சூடிக்கொண்ட பெயர். தமிழ்நாட்டு அரசின் 2022ஆம் ஆண்டுச் சொற்பட்டியலில் பால்புதுமையர். எழுத அது நன்றாக இருக்கிறது, பேச்சில் குயர் என்றே விடலாம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் தெருக்கூத்து வளர்ந்த ஊர் என்பதால், ஆவணக் கூத்து என்று வைத்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். பொருத்தம்தான், ஆனால் விளம்பரத் தாளில் போட்டால் ‘அலுவலகத்தில் என்ன கூத்து நடந்தது?’ என்று படிப்பவர்கள் அதிகம் இருப்பார்கள்.