வேட்டை நாய்கள் வருவதற்கு முன் ஒரு கடிதம்

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். இங்கிலாந்தின் சாமர்செட்டில் கால்நடை மருத்துவராக நான் வழக்கமாகப் போகும் ஒரு பண்ணையிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், அறுபது சினை ஆடுகள் மேட்டு வயலின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஆடு முள்கம்பியில் மாட்டித் தொடை கிழிந்து கிடந்தது. எந்த நாயும் எந்த ஆட்டையும் கடிக்கவில்லை. ஒரு நரி வேட்டைக் குழுவின் முப்பது நாய்கள் வயலைக் குறுக்கே கடந்து போயிருந்தன, அவ்வளவுதான்.

தொடையைத் தைத்துவிட்டு வந்தேன். அடுத்த பத்து நாளில் நான்கு ஆடுகள் குட்டி வீசின. இரட்டைக் குட்டி சுமந்த இன்னொன்று தீனி எடுக்காமல் படுத்து, அப்படியே செத்துப்போனது. சினையின் கடைசி ஆறு வாரத்தில் செம்மறி ஆட்டுக்குப் பயம் ஒரு நோய். தீனி தவறினால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் நஞ்சாகிவிடலாம். இந்த ஊரில் ஆடுகள் குட்டி போடுவது மார்ச், ஏப்ரலில். வேட்டைப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

நரி வேட்டையைத்தான் தடை செய்துவிட்டார்களே என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்பார்கள். (இங்கே நரி என்றால் நம் ஊர் நரி அல்ல, அடர்ந்த வாலுள்ள செந்நரி.) தடை உண்மைதான். 2004-ல் சட்டம் வந்தது, 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. அதன்பிறகு வந்தது 'டிரெயில் ஹண்டிங்': முன்கூட்டியே இழுத்துவைத்த வாசனைத் தடத்தை நாய்கள் மோப்பம் பிடித்துப் போகின்றன என்கிறார்கள். வழியில் நிஜ நரி கிளம்பினால் அது விபத்தாம். விபத்தோ இல்லையோ, நரி நிலப் பத்திரம் பார்த்து ஓடுவதில்லை. பின்னால் வரும் நாய்களும் அப்படியே.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழும். அதைத் தின்ற பசு கன்று வீசும். கன்று பிழைத்தாலும் தொற்றோடு பிறந்து, அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கும். மருந்து கிடையாது. எந்த நாயாலும் வரலாம், உங்கள் செல்ல நாய் உட்பட. ஆனால் உங்கள் நாய் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, போலீஸைக் கூப்பிடலாமே? இங்கே அடுத்தவர் நிலத்துக்குள் நுழைவது மட்டும் குற்றமாகாது, சிவில் வழக்குதான். 1985-ல் தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் மான்களுக்காக நிலம் வாங்கி வைத்திருந்த ஓர் அமைப்பு, அதற்குள் நாய்கள் புகுந்ததற்காக வேட்டைக் குழுவின் தலைவர்மீது வழக்குப் போட்டு வென்றது. நாய்கள் உள்ளே போனது மட்டும் போதாது, தலைவர் அதை விரும்பியிருக்க வேண்டும் அல்லது தடுக்காமல் அசட்டையாக இருந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தடுக்க முடியாது என்று தெரிந்தும் அந்த நிலத்தின் ஓரத்திலேயே திரும்பத் திரும்ப வேட்டையாடினால், அவர் விரும்பினார் என்றே கொள்ளலாம் என்றும் சொன்னது. இதனால்தான் கடிதம் முக்கியம். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். வரைபடத்தில் எல்லையைச் சிவப்பில் வரைந்து, 'என் நிலத்துக்குள் வர அனுமதி இல்லை' என்று எழுதி வேட்டைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால், 'தெரியாது' என்று அப்புறம் சொல்ல முடியாது. குட்டி நரிகளைத் தேடும் இலையுதிர்கால ஓட்டம் நவம்பருக்கு முன்பே தொடங்கிவிடும். ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுங்கள். குத்தகைக்காரர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வேட்டை உரிமையை உரிமையாளர் தன் கையில் வைத்திருப்பது சகஜம்.

பாதிப் பேர் எழுதமாட்டார்கள், காரணமும் எனக்குத் தெரியும். செத்த ஆட்டை வந்து எடுத்துப்போவது பல இடங்களில் அதே வேட்டைக் குழுவின் ஆட்கள். குதிரையில் வருபவர் பக்கத்துப் பண்ணைக்காரர். சாயங்காலம் பப்பில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆனால் சட்டவிரோத வேட்டைக்குத் தெரிந்தே நிலத்தைத் தந்தால், நிலத்துக்காரரும் அதே 2004 சட்டத்தின்படி குற்றவாளிதான்.

வேட்டையைக் கண்காணிக்கவும் தடுக்கவும் வரும் தன்னார்வலர்களின் நிலைமை இதைவிட வேடிக்கை. 1994-ன் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரு நிலத்தில் நுழைந்து அங்கே நடக்கும் சட்டப்படியான செயலைக் குலைத்தால் அது குற்றம், கைதாகலாம். அழையாமல் நுழைந்த வேட்டைக் குழுவின்மேல் சிவில் வழக்கு, அதைத் தடுக்க வந்தவர் கையில் விலங்கு! நிலத்துக்காரர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு இதை மாற்றிவிடும். அந்த நிலத்தில் அவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள்.

அந்தப் பண்ணையில் அப்படித்தான் செய்தார்கள். பண்ணைக்கார அம்மா பக்கத்து மூன்று பண்ணைகளையும் பேசிச் சேர்த்தார். நான்கும் சேர்ந்து ஒரே துண்டாக வரைபடத்தில் வந்ததும் எல்லை காப்பது சுலபமாயிற்று. ஐந்து தன்னார்வலர்களுக்குச் சீட்டு கொடுத்தார், நிபந்தனையோடு: முகமூடி கூடாது, கேட்டைச் சாத்த வேண்டும், பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்க வேண்டும், சினை ஆடுகள் நிற்கும் வயலில் கால் வைக்கக் கூடாது, கேட்காமல் படம் எதையும் வெளியிடக் கூடாது. கடைசி நிபந்தனைக்கு ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அம்மா சொன்னதுதான் சரியென்று பட்டது. அவர் அந்த ஊரில் வாழ வேண்டியவர். வீடியோவில் நேரமும், இடத்தைக் காட்டும் மரமோ கம்பமோ தெரிய வேண்டும் என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு கன்றைப் பார்க்கப் போனபோது, அம்மா சமையலறை மேசையில் வைத்து ஒரு வீடியோவைக் காட்டினார். நாய்கள் உயிர்வேலி வரை வருகின்றன. இந்தப் பக்கம் மஞ்சள் பலகையும், அதன் அருகே தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு ஒரு பாட்டியும். கொம்பு ஊதுகிறது, நாய்கள் திரும்புகின்றன. பின்னால் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்குகின்றன.