குளக்கரையில் விட்டுவரும் தங்கூசி

போன மாரியில் ஒருநாள் காலை, வவுனிக்குளத்துப் பக்கமிருந்து ஒரு மீனவர் மீன் பெட்டிக்குள் நீர்க்காகம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே பழைய சாரத்தால் மூடியிருந்தார். "டொக்டர், வலை இழுக்கேக்க உயிரோட கிடந்தது. விட்டிட்டு வர மனம் வரேல்லை."

வலது காலில் தங்கூசி, அதாவது மீன்வலை பின்னும் ஒற்றை இழை நைலோன் நூல், நாலைந்து சுற்று. கால் வீங்கி, விரலிடைச் சவ்வு குளிர்ந்து போயிருந்தது. நூல் தோலுக்குள் புதைந்துவிட்டதால் கண்ணுக்குப் படவில்லை. விரல் நுனியால் தடவித்தான் பிடித்தேன்.

வன்னியில் ஒரு மிருக வைத்தியரிடம் வருவது பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான். குளங்கள் நிரம்பினால் கொக்கு, நாரை, பாம்புத்தாரா என்று பறவைகளும் வரும். என்னிடம் வந்தவற்றில் வேட்டைக் காயத்தைவிட நூல் சுற்றிய காயமே அதிகம்.

தங்கூசி வலை இலங்கையில் 2006 முதல் தடை. ஆனாலும் பாவிக்கிறார்கள், ஏனென்றால் தண்ணீருக்குள் அது மீனின் கண்ணுக்குத் தெரியாது. முக்குளிக்கும் பறவைக்கும் தெரியாது. அறுந்த துண்டு உக்குவதுமில்லை. சிறுபோக நெல்லுக்குத் துரிசு (குளத்து மதகு) திறந்து தண்ணீர் இறங்க, அலைகரையில் மருத வேர்களிலும் பட்ட கொப்புகளிலும் அது தொங்கும். நத்தை தேடிச் சேற்றில் நடக்கும் நத்தைகுத்தி நாரை அதில்தான் கால் வைக்கிறது. மீன்பிடித் தொழிலில் கிடைக்கும் வருமானம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மீனவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறுந்த நூலைக் கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் பக்கத்துக் கரையோரங்களில் பறவைகள் கூடும் இடங்களில் சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் வங்காலை 2008இலும் சரணாலயங்களாகின. வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமுமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்கு அந்த எல்லைக்கல் தெரியாது. களப்பில் நிற்கும் நாரை நம்முடைய சின்னக் குளத்திலும் இரை தேடும். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வரும் ஊசிவால் தாராவுக்கு இலங்கைக்குத் தெற்கே கடல்தான். அது இறங்கிவிட்டால் நாங்கள் வைத்திருக்கும் குளம்தான் அதற்குக் குளம்.

நூல் சுற்றிய பறவையைக் கண்டால் முதலில் துவாய் ஒன்றைப் போட்டுத் தலையை மூடுங்கள். இருட்டானால் பதற்றம் குறையும். கொக்கும் நாரையும் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்த கைக்குள்ளேயே செத்துப்போன பறவையை என்னிடம் கொண்டுவந்து அழுத பிள்ளையை நான் மறக்கவில்லை.

நூலை இழுக்காதீர்கள், கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தோலுக்குள் புதைந்திருந்தால் அதைத் தொடாமல், காற்றோட்டமுள்ள காட்போட் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் சோறும் வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கை வைக்காமல் உடனே அறிவியுங்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. அதைச் சொல்லித்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். ஒரு தொலைநோக்கி, ஒரு கொப்பி. முதல் நாள் எல்லாமே அவர்களுக்குக் "கொக்கு". இப்போது உண்ணிக்கொக்குக்கும் சின்னக்கொக்குக்கும் வித்தியாசம் சொல்லி எனக்கே திருத்துகிறார்கள்.

கொப்பியில் பறவைப் பெயர்களுக்கு எதிரே ஒரு பிள்ளை தானாகவே இன்னொரு கோடு போட்டு "தங்கூசி" என்று எழுதியிருந்தாள். அன்று அலைகரையில் எடுத்ததையெல்லாம் யோகட் கப்பில் அடைத்துக் கொண்டுவந்தாள். கப் நிரம்பி மேலே வழிந்தது. நீர்க்காகத்தைக் கொண்டுவந்த அதே மீனவரின் மகள்.