பதிவு அல்ல, ஏடு

சென்ற வாரம் அத்தை வீட்டுத் திண்ணையில், வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலர் அக்கா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இதுல எந்தப் பதிவை அமுக்குறது தம்பி?" திரையின் மேலே ‘சுகாதாரப் பதிவு’, நடுவில் ‘புதிய பதிவு’, கீழே ‘பதிவு செய்’. முதலாவது ரெக்கார்ட். இரண்டாவது ஆளைச் சேர்ப்பது. மூன்றாவது சேமிப்பது. அவர் நடுவில் இருந்ததை அமுக்கிவிட்டிருந்தார். அந்தச் செயலியில் அத்தை இப்போது இரண்டு பேர்: ஒருவருக்கு அழுத்தம் 150/90, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை.

ரெக்கார்ட் என்பதன் வேர் இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது. நம் ‘பதி’யும் சளைத்ததல்ல. ஈர மண்ணில் கால் பதிகிறது, மனத்தில் சொல் பதிகிறது. ஆனால் பதிவு முதலில் ஒரு செயலின் பெயர். பதிந்ததைத் தாங்குவது ஏடு: ஓலைக்கு ஏடு, பிறகு தாளுக்கு, குறிப்பேடு, பேரேடு, வருகைப் பதிவேடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது பதிவு, கைக்கு வருவது பத்திரம். அங்கே யாருக்கும் குழப்பமில்லை.

எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டை ‘மின்னணு சுகாதாரப் பதிவு’ என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் அழிக்கிறார்கள். விளைவு சின்னதல்ல. ஆபா (ABHA) எனப்படும், மருத்துவத் தகவல்களை இணைக்க அரசு தரும் 14 இலக்கக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வாங்குவது பதிவு. உங்கள் பரிசோதனை முடிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நீங்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் இன்னொருவர் பார்க்க முடியும். ஆனால் எண் வாங்கிய பலர், "எல்லாம் பதிவாயிடுச்சு, இனி பழைய சீட்டு எதுக்கு?" என்கிறார்கள். கணக்கைத் திறந்ததற்கும் ஏடு நிரம்பியதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு அவர்களைக் குறைசொல்ல முடியாது.

பதிவுக்குப் பதில் ‘ஆவணம்’ என்கிறார் ஒரு நண்பர். ஒரு ஸ்கேன் அறிக்கை ஆவணம்தான். ஒருவருடைய பல வருடத்து உடல்நிலை முழுவதும் ஆவணம் ஆகாது. டிஜிட்டல் என்பதற்காக ‘எண்ணிம’, ‘இலக்கமுறை’ என்று முன்னால் ஒட்டுவது வீண்சுமை. தாள் நோட்டே இல்லாத இடத்தில் மின் என்ற அடைகூட வேண்டாம். சுகாதாரம் என்றால் ஊரில் பாதிப் பேருக்குக் கொசு மருந்தும் குப்பை வண்டியும்தான் நினைவுக்கு வரும். துறையின் பெயரே மக்கள் நல்வாழ்வு. கர்ப்பிணியின் கையில் இருப்பது தாய் சேய் நல அட்டை. நலம் என்ற சொல் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆகவே நல ஏடு. புணர்ச்சிப்படி ‘நலவேடு’ என்று சேர்த்து எழுதலாம். வேடன் நினைவு வரும், பிரித்தே எழுதுங்கள்.

களத்தில் இருப்பவர்கள் குழம்பாமல்தான் பேசுகிறார்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியிடம் "பிக்மி நம்பர் வாங்கியாச்சா?" என்பார் (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது கிடைக்கும் எண் அது), "என்ட்ரி போட்டாச்சு" என்பார். எண் வேறு, என்ட்ரி வேறு. திரையைக் காட்டாமல் வெறும் ஆங்கிலச் சொற்பட்டியலை அனுப்பி மொழிபெயர்ப்பு கேட்பதும், கேட்காமலே நிரப்பிக் கொடுப்பதும்தான் கோளாறு. மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒரு நாள் அந்த அக்காவோடு பத்து வீடு ஏறியிருந்தால் மூன்று இடத்துக்கும் மூன்று சொல் கிடைத்திருக்கும்: நல ஏடு, ஆள் சேர், சேமி.