எஃப்பிவி ட்ரோன்: காகிள்ஸை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கண்ணில் மாட்டும் திரைக்கண்ணாடியான காகிள்ஸில், ட்ரோனின் கேமரா காட்டும் காட்சியைப் பார்த்தே ஓட்டப்படும் எஃப்பிவி ட்ரோன்களைப் பழுதுபார்ப்பதும் புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் என் தொழில். என் மேசைக்கு உடைந்து வரும் ட்ரோன்களில் பெரும்பாலானவற்றைத் தரையிலேயே செய்திருக்கக்கூடிய ஓரிரு சோதனைகள் காப்பாற்றியிருக்கும்.

அவற்றில் முதன்மையானது ஃபெயில்சேஃப் சோதனை. ரிமோட்டின் சிக்னல் அறுந்துபோனால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்து வைப்பதே ஃபெயில்சேஃப். இது தவறாக அமைந்திருந்தால், கடைசியாகக் கிடைத்த திராட்டில் (மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை) அளவிலேயே மோட்டார்கள் சுழன்றுகொண்டிருக்க, ட்ரோன் யார் தலைமீது போய் விழும் என்று சொல்ல முடியாது. நான்கு ப்ரொப்பெல்லர்களையும் கழற்றிவிட்டு, பேட்டரியை இணைத்து, ஆர்ம் செய்து (அதாவது மோட்டார்களைச் சுழலத் தயாராக்கி), திராட்டிலைச் சற்றே உயர்த்திய நிலையில் ரிமோட்டை அணைத்துப் பாருங்கள்; கீழே விழும்படி அமைத்த ட்ரோனில் ஓரிரு நொடிகளில் மோட்டார்கள் நின்றுவிட வேண்டும். ஜிபிஎஸ் மூலம் திரும்பி வரும் வசதியை நம்புபவர்கள், போதிய செயற்கைக்கோள்கள் கிடைக்கும் வரை பொறுத்திருந்தே ஆர்ம் செய்ய வேண்டும். ஆர்ம் செய்யும் இடத்தைத்தான் அது வீடு என்று குறித்துக்கொள்கிறது.

அடுத்தது காற்றும் பேட்டரியும். சென்னைக் கடற்கரையோரம் பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் மேற்கு நோக்கிச் செல்லும் ட்ரோன் சிரமமின்றி வெகுதூரம் போய்விடும். திரும்புகையில் அதே தூரத்தைக் காற்றை எதிர்த்துக் கடக்க வேண்டியிருப்பதால் பேட்டரி பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, காற்றோடு திரும்புங்கள். நான்கு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுமையாக ஏறியிருக்கும்போது 16.8 வோல்ட் காட்டும். பறக்கும்போது 14 வோல்ட்டைத் தொட்டால் இறக்கிவிட வேண்டும். திராட்டிலைக் குறைத்தவுடன் அந்த எண் மீண்டும் ஏறுவதைக் கண்டு, இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று எண்ணுபவர்களின் பேட்டரிகள்தான் உப்பிப்போய் என்னிடம் வருகின்றன.

வீடியோ பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸில் வருவதால், கட்டடத்தின் பின்னாலோ அடர்ந்த தென்னந்தோப்புக்குள்ளோ நுழைந்ததும் படம் உடையத் தொடங்கும். அப்போது பதறித் திரும்புவதைவிட, நேராக மேலே உயர்த்திச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு திரும்புவதே நல்லது. மின்கம்பிகள் காகிள்ஸில் தெரிவதே இல்லை. பறக்கவிருக்கும் இடத்தை முதலில் காலால் நடந்து பார்த்துவிடுங்கள். ஓட்டுபவரின் கண்கள் மூடப்பட்டிருப்பதால், ட்ரோனையும் சுற்றி வருபவர்களையும் கவனித்துச் சொல்ல ஒருவர் அருகில் நிற்பது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன்.

2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிதான். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ட்ரோன் விழுந்துவிட்டால் உடனே டிஸ்ஆர்ம் செய்து மோட்டார்களை முடக்குங்கள். புல்லில் சிக்கிய மோட்டாரைச் சுழற்ற முயன்றால் மோட்டாரோடு, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றான ஈஎஸ்சியும் கருகிவிடும். அடிபட்ட லைப்போவைப் பையில் போடாமல், எரியும் பொருட்கள் இல்லாத திறந்த வெளியில் வைத்துச் சிறிது நேரம் கண்காணியுங்கள். நசுங்கிய பேட்டரி உடனடியாக அல்லாமல் தாமதித்தும் தீப்பிடிக்கக்கூடும். அதை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது.