பீரோவுல இருக்கற துணிக்கும் வயசாகுதுங்க

துணி வாங்கறது ஒரு வேலை, துணி தைக்கறது வேற ஒரு வேலை. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறவங்க வீட்டு பீரோ எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா சேலத்துல டெய்லர் கடையும் தையல் கிளாஸும் சேர்த்து நடத்தறதால அந்த பீரோவுல பாதி கட்டைப்பையில ஏறி என்கிட்டதான் வந்து சேருது. கிளாஸ்ல சேர வர்றவங்ககிட்ட "ஒரு மீட்டர் துணி இருந்தா எடுத்துட்டு வாங்க"ன்னுதான் சொல்லுவேன், அவங்க ஆட்டோ புடிச்சு வருவாங்க.

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு துணி வாங்காம இருக்கறது கஷ்டம்தான், அதை ஒத்துக்கறேன். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் போனா தறி சத்தம், இளம்பிள்ளை போனா தெருவுக்குத் தெரு சேலை, கொஞ்சம் தள்ளி ஈரோட்டுல வாரா வாரம் ஜவுளிச் சந்தை. ஆடி வந்துட்டா கேக்கவே வேண்டாம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குன்னு ஊரே டவுனுக்குள்ள நிக்கும்போது கடைக்குக் கடை தள்ளுபடி போர்டு வேற. மேட்சிங் லைனிங் எடுக்கப் போன அக்கா லைனிங் கிடைக்காம, "நல்லா இருந்துச்சு"ன்னு வேற கலர்ல ரெண்டரை மீட்டர் எடுத்துட்டு வருவாங்க, இப்ப அதுக்கும் லைனிங் வேணும். வீட்டுக்காரர் கேட்டா "இதுவா, இது பழசுங்க, அப்பவே வாங்கினது"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அது பொய்யும் இல்ல, மூணு மாசம் பீரோவுல கிடந்தா உண்மையிலேயே பழசாயிருமே.

ஒரு அக்கா, ஃபேர்லண்ட்ஸ் பக்கம் வீடு, பையைக் கவுத்தாங்க. மேல புதுசா ரெண்டு கலம்காரி, அதுக்குக் கீழ டேக் கூட கிழிக்காத ரயான், அதுக்கும் கீழ ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலம். பிரிச்சா உள்ள ஒரு சின்ன ஃப்ராக். இடுப்பு சுருக்கம் வச்சு, கழுத்து பைப்பிங் கூட அவ்வளவு அழகா அடிச்சு, கை ரெண்டும் குண்டூசி குத்தி நிக்குது, குண்டூசி துருப்புடிச்சு துணியில செம்மண் கலர்ல பொட்டு பொட்டா இறங்கியிருக்கு.

"நல்லாத்தானே தைச்சிருக்கீங்க, ஏன்க்கா விட்டுட்டீங்க?"

"கை மட்டும்தாங்க பாக்கி."

"பாப்பா என்ன பண்றா?"

"டென்த் எழுதிட்டாங்க."

சிரிச்சு முடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஆனா இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, இது சோம்பேறித்தனம் கிடையாது. அந்த ஃப்ராக்ல பைப்பிங் அடிச்ச கைக்கு சோம்பேறித்தனம்னு பேர் வைக்க முடியுமா? நான் பார்த்த வரைக்கும் துணி ரெண்டே எடத்துலதான் நின்னுபோகுது. ஒண்ணு கத்திரிக்கோல் வைக்கறதுக்கு முன்னாடி, இன்னொண்ணு கை ஏத்தற எடத்துல, அதாவது தைச்ச உடம்புத் துணியோட கைத்துணியைச் சேர்க்கற எடத்துல.

முதல்ல கத்திரிக்கோல். மடிச்சு வச்சிருக்கற துணி இன்னைக்கு அனார்கலி ஆகலாம், நாளைக்கு குர்த்தி ஆகலாம், பொண்ணுக்குப் பாவாடை ஆகலாம், மனசுக்குள்ள தினம் ஒரு டிசைன் ஓடும், யூட்யூப்ல ஒரு வீடியோ பார்த்தா அந்த டிசைனும் மாறும். வெட்டிட்டோம்னா அது ஒரே ஒரு குர்த்திதான், அதுவும் கழுத்து கொஞ்சம் எறங்கிப்போன குர்த்தி. அந்த பயத்துலதான் நல்ல துணியா பார்த்துப் பார்த்து வாங்கறவங்க ஒண்ணையும் வெட்ட மாட்டேங்கறாங்க, துணி விலை ஏற ஏற பயமும் ஏறுது. அதனால எங்க கிளாஸ்ல முதல் கட்டிங் காடாத் துணியில மட்டும்தான். சாயம் போடாத, வெளுக்காத அந்தக் காடா நம்ம பக்கத்துல மலிவா கிடைக்குது, கெட்டா கெட்டுட்டுப் போகட்டும், கடைசியில கரித்துணிக்காவது ஆகும். அதுல ஒரு தடவை கழுத்து, கை குழி, டாட் (உடம்பு வளைவுக்காகப் புடிச்சுத் தைக்கற மடிப்பு) எல்லாம் போட்டு மேல மாட்டிப் பார்த்துட்டீங்கன்னா அப்புறம் நல்ல துணியில கத்திரி வைக்கும்போது கை நடுங்காது.

சரி, வெட்டாம வச்சிருந்தா என்ன, காசா கரையுதுன்னு கேப்பாங்க. கரையுதுங்க, அதைச் சொல்லத்தான் இதை எழுத உக்காந்தேன். வெட்டாத துணி அப்படியே பத்திரமா இருக்கும்னு நெனைக்கறதுதான் பெரிய ஏமாத்து. கஞ்சி மொடமொடப்போட கடையில இருந்து வந்த காட்டனைத் துவைக்காம அப்படியே அடுக்கினா ராமபாணப் பூச்சிக்கு அந்தக் கஞ்சிதான் சாப்பாடு, விரிச்சுப் பார்த்தா மடிப்பு மடிப்பா ஓட்டை. பட்டுத் துணியை ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வச்சா அந்த மடிப்புக் கோட்டுலயே விட்டுப்போகும், ஜரிகை ஓடற எடத்துல இன்னும் சீக்கிரம். நம்ம சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, கல்யாணத்துக்குன்னு எடுத்து ஒரு நாள் கட்டிட்டு வியர்வையோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடி வச்ச வேட்டி மஞ்சளா வந்து நின்னா அது நெசவாளி குத்தமா சொல்லுங்க. பட்டை பழைய வெள்ளைக் காட்டன் வேட்டியில சுத்தி வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து நிழல்ல ஆத்தி மடிப்பை மாத்தி மடிங்க. அந்துருண்டை போடறதா இருந்தா ஜரிகை மேல படற மாதிரி போடாதீங்க, கருத்துரும். எங்க பாட்டி காலத்துல வசம்பைத் துணியில முடிஞ்சு போடுவாங்க, நான் இன்னும் அதைத்தான் போடறேன்.

ஏற்காட்டுல இருந்து வர்ற துணி தனி ரகம். சுமார் 1,500 மீட்டர் உயரம், மழை மாசத்துல பாதி நாள் ஜன்னல் வழியா மேகமே வீட்டுக்குள்ள வந்துட்டுப் போற ஊரு, அங்க பீரோவை சுவத்தோட ஒட்டி வச்சு உள்ள துணியைத் திணிச்சா என்ன ஆகும். காத்துல ஈரப்பதம் 70 சதவீதம் தாண்டி நின்னாலே பூசணத்துக்குப் போதும். கறுப்புப் புள்ளி விழுந்த கலர் காட்டனை எடுத்துட்டு வந்து "இது போகுமாங்க"ன்னு கேப்பாங்க, போகாதுங்க, ப்ளீச் போட்டா புள்ளியோட சேர்ந்து கலரும் போயிரும். மலை மேல இருக்கறவங்க தைக்கற அன்னைக்குத் துணி வாங்கினா போதும், இல்லைன்னா வெயில் அடிக்கற நாள்ல எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காயப்போட்டே ஆகணும், வேற வழி கிடையாது.

துணிகூட பரவால்ல, கூட வாங்கி வைக்கற சாமான் இன்னும் மோசம். எலாஸ்டிக் நம்ம ஊர் வெயில்ல ரெண்டு மூணு வருஷம் கிடந்தா இழுத்தா இழுத்தபடி நிக்கும், திரும்பி வராது. பழைய நூல்கண்டுல ஒரு முழம் உருவி ரெண்டு கையால வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, சத்தமே இல்லாம அறுந்தா அதை மிஷின்ல மாட்டாதீங்க, மிஷின் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கைக் கூப்புடுவீங்க, அவரு நூலை மாத்திட்டு காசு வாங்கிட்டுப் போவாரு.

இந்த எடத்துல ஜாக்கெட் பிட்டைப் பத்தி சொல்லாம போனா பாவம். நவராத்திரி, வரலட்சுமி நோன்பு, வளைகாப்புன்னு தாம்பூலத்துல வச்சுக் கொடுக்கற அந்தப் பிட்டை தைக்கறதுக்குன்னு யாரும் கொடுக்கறதும் இல்ல, தைக்கறதுக்குன்னு யாரும் வாங்கறதும் இல்ல. செவ்வாய்பேட்டை அம்மா ஒருத்தங்க ஒரு கிளிப்பச்சை பிட்டு மூலையில பேனாவால சின்னதா புள்ளி வச்சு நாத்தனாருக்குக் கொடுத்தாங்களாம், ரெண்டு கொலு தாண்டி எதிர்வீட்டுத் தாம்பூலத்துல அதே புள்ளியோட திரும்ப வந்துச்சாம். தைக்கலாம்னு ஆசைப்பட்டு எடுத்துட்டு வந்தாலும் முக்காவாசி பிட்டு முழுசா 80 சென்டிமீட்டர் கூட இருக்காது, பன்னாவும், அதாவது துணியோட அகலமும் சின்னது, முழங்கை வரைக்கும் கை வேணும்னு கேட்டா எங்கிருந்து எடுக்கறது? அதுங்களை மூணு மூணா சேர்த்து தலையணை உறை, ஃப்ரிட்ஜ் கவர், கிளாஸ் பழகறதுக்குன்னு விட்டுருங்க. இல்ல, ஊரைச் சுத்தட்டும்னா சுத்தட்டும், அதுக்கும் ஒரு பிறவி வேண்டாமா.

உருப்படியா ஒரு பழக்கம் சொல்லுன்னு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், காட்டனோ ரயானோ வாங்கின அன்னைக்கே தண்ணியில நனைச்சுக் காயப்போட்டுருங்க. காட்டன் முதல் தண்ணிக்கு 3-ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் சுருங்கும், ரெண்டரை மீட்டர்ல பார்த்தா ஏழு எட்டு சென்டிமீட்டருக்குக் கொறையாம போயிரும், ரயான் அதைவிட மேல. மேல பாலியெஸ்டர் கலந்த துணி, உள்ள நனைக்காத காட்டன் லைனிங்னு தைச்ச ஜாக்கெட்டைத் துவைச்சுப் பாருங்க, லைனிங் மட்டும் சுருங்கி கை குழி எல்லாம் சுருக்கு விழுந்து நிக்கும், பழி டெய்லர் மேல. ஆனா நனைக்கச் சொல்றதுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேற. நனைச்ச துணியை இனி கடையில திருப்பிக் கொடுக்க முடியாது, தாம்பூலத்துல வச்சும் கொடுக்க முடியாது, அயர்ன் பண்ணி மடிச்சு வச்சா தைன்னு அது கேட்டுக்கிட்டே இருக்கும். நனைக்கறதுக்கே சோம்பலா இருக்குன்னா அந்தத் துணி தைக்கறதுக்காக வாங்கினது இல்ல, பார்த்து ரசிக்க வாங்கினது. ரசிக்கறதும் தப்பில்ல, தையல் கணக்குல எழுதாம இருந்தா சரி.

ரெண்டாவது எடம், கை ஏத்தறது. நேர் தையல் எல்லாம் ஒரே மூச்சுல ஓடிரும், பாட்டு கேட்டுக்கிட்டே அடிச்சுருவோம். கை, காலர், ஜிப், அப்புறம் உக்காந்து காஜா, கொக்கி, ஹெம்மிங், அங்கதான் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" வரும். அந்த நாளைக்கு வர்றதுக்குள்ள லைனிங் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், அளவு எழுதின சீட்டு சாமி ரூம் காலண்டர் பின்னாடின்னு ஆயிரும். எழுந்திருக்கறதா இருந்தா கஷ்டமான எடத்துக்கு முன்னாடி எழுந்திரிக்காதீங்க, கையில ஒரு பக்கமாவது ஏத்திட்டு எழுந்திரிங்க, ஒரு கை மட்டும் இருக்கற ஜாக்கெட்டைப் பார்த்தா யாருக்குமே மனசு ஒப்பாது. வெட்டின துணி, லைனிங், நூல், கொக்கி, அளவுச் சீட்டு எல்லாம் ஒரே கவர்ல போட்டு மேல தேதி எழுதுங்க. தேதி எதுக்குன்னா உடம்பு நமக்காக நிக்காது. ஆறு மாசம் தாண்டினா தைக்கறதுக்கு முன்னாடி மறுபடி டேப் புடிங்க, எதுக்கும் சைடுல ஒன்றரை இஞ்ச் உள்ள விட்டு வெட்டினா பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்.

ஒண்ணு மட்டும் சிரிக்காம சொல்லிடறேன். வீட்டுல நடக்க எடம் இல்லாத அளவுக்கு சாமான் சேர்ந்து, கிழிஞ்சது, கெட்டது எதையும் தூக்கிப்போட முடியாம, யாராவது தொட்டாலே பதறிப்போறவங்க இருக்காங்க. அது இந்தக் கணக்குல வராது, அதைத் தனி மனநலக் கோளாறுன்னு அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-லயே தன்னோட கையேட்டுல சேர்த்திருக்கு. அவங்களைக் கிண்டல் பண்ணி, அவங்க இல்லாத நேரத்துல வீட்டைக் காலி பண்ணி வைக்காதீங்க, அது ரொம்ப மோசமாப் போயிரும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இல்ல முதல்ல பேசிப் பார்க்கணும்னா டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்க, அரசாங்கத்து நம்பர், காசு கிடையாது.

மத்தவங்க, பாதியில நிக்கறதை வெக்கப்படாம டெய்லர்கிட்ட எடுத்துட்டு வாங்க. அடுத்தவங்க வெட்டினதை முடிச்சுக் கொடுக்க எந்த டெய்லருக்கும் புடிக்காது, எவ்வளவு உள்ள விட்டு வெட்டியிருக்காங்கன்னு தெரியாது, முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு சில சமயம் வெட்டினவங்களுக்கே தெரியாது, புதுசா தைக்கறதைவிட கூலி கூடவே ஆகும், முகத்தைச் சுளிச்சா கண்டுக்காதீங்க. ஆனா வெட்டின மிச்சத் துணி ஒரு சாண் இருந்தாலும் முடியற வரைக்கும் தூக்கிப்போடாம கூடவே கொண்டாங்க. போன வாரம் ஒருத்தங்க ரெண்டு கையும் வலது கையா வெட்டி எடுத்துட்டு வந்தாங்க, மிச்சம் எங்கன்னு கேட்டா பாத்திரக்காரன்கிட்ட போட்டு டப்பா வாங்கிட்டாங்களாம்.